மடைக் கணக்கும் கிருமிக் கணக்கும்

குடவாசல் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே நாலு ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் விவசாயி ஒருவரின் மகள், சென்னையில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறாள். 'பொண்ணு என்ன படிக்குது?' என்று யார் கேட்டாலும், தகப்பனார் மூன்று வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தார். ''கம்ப்யூட்டர்ல கிருமி ஆராய்ச்சி.''

கேட்டவர்களில் பாதிப் பேர், கம்ப்யூட்டருக்கு வரும் வைரஸ் என்று நினைத்துக்கொண்டார்கள். மீதிப் பேர், ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட படிப்பு என்று நினைத்து, தங்கள் சர்க்கரை நோய்க்கு மருந்து கேட்டார்கள். 'இருபத்தேழு வயசாகுது, இன்னும் என்ன படிப்பு?' என்று கேட்ட உறவினர்களும் உண்டு. அரசு கொடுக்கும் உதவித்தொகையில் மாதம் 42,000 ரூபாய் வருகிறது என்று சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி கொஞ்சம் அடங்கியது.

அந்தப் படிப்பின் பெயர் கணினி உயிரியல். உயிர்களின் உடம்புக்குள் நடக்கும் வேலைகளைக் கணக்காக எழுதி, கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பது. மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல், நுண்ணுயிர்களை வைத்து உரம், எரிபொருள், என்சைம் போன்றவற்றைத் தயாரிக்க வழி தேடுபவர்களுக்கு இந்தக் கணக்கு இன்று பெரிய துணை. அவள் எடுத்துக்கொண்ட உயிர், டெல்டா விவசாயிகள் எல்லோருக்கும் பழக்கமானது. உரக்கடையிலும் வேளாண்மை விரிவாக்க மையத்திலும் பாக்கெட்டில் கிடைக்கும் அசோஸ்பைரில்லம்.

நுண்ணோக்கி இல்லாத ஆராய்ச்சி

அவளுடைய மேசையில் நுண்ணோக்கி இல்லை. கண்ணாடித் தட்டில் வளரும் பாக்டீரியாவும் இல்லை. ஒரு கணினி மட்டும்தான். அசோஸ்பைரில்லத்தின் மரபணுத் தொகுப்பை உலகத்தின் வேறு வேறு ஆய்வகங்களில் ஏற்கெனவே படித்து வைத்திருக்கிறார்கள். அது ஒரு கோப்பாக வந்துவிடுகிறது. ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்துகள் மாறி மாறி வரும் ஒரு நீண்ட வரி. அசோஸ்பைரில்லத்துக்கு சுமார் 75 லட்சம் எழுத்துகள். நெல்லுக்கு சுமார் 39 கோடி.

அந்த எழுத்துகளுக்குள் எந்தப் பகுதி எந்த என்சைமைச் செய்யச் சொல்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும. என்சைம் ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காரன் மாதிரி. ஒன்று சர்க்கரையை உடைக்கும், ஒன்று புரதத்தைக் கட்டும், ஒன்று காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும். எந்தப் பொருள் உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று ஒவ்வொரு வேலைக்காரனுக்கும் ஒரு வரி எழுதினால், ஒரு சின்ன பாக்டீரியாவுக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் வந்துவிடும். இவற்றை ஒன்றோடு ஒன்று இணைத்தால் ஒரு பெரிய வரைபடம் கிடைக்கும்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. ஒரு பொங்கல் விடுமுறையில், பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வாய்க்கால் படம் ஒன்றை வரைந்தாள்.

''ஆத்துலேருந்து தண்ணி வருது. வாய்க்கால் மூணாப் பிரியுது. வந்த தண்ணி எவ்வளவோ, மூணுலயும் போற தண்ணியைக் கூட்டினா அவ்வளவுதானே இருக்கணும்?''

''ஆமா. நடுவுல குளம் குட்டை இல்லைன்னா அவ்வளவுதான்.''

''ஒவ்வொரு மடைக்கும் ஒரு அகலம் இருக்கு. அதுக்கு மேல தண்ணி போகாது. இந்த ரெண்டையும் வெச்சுக்கிட்டு, எந்த மடையை எவ்வளவு தொறந்தா கடைமடை வரைக்கும் தண்ணி போகும்னு கணக்குப் போடணும்.''

''இதைத்தான் வருசா வருசம் பண்றோம்.''

''நீங்க வாய்க்கால் கரையில நின்னு கண்ணால பார்த்துப் பண்றீங்க. கிருமிக்குள்ள போய் நிக்க முடியாது. அதனால நாங்க கணக்குல பண்றோம்.''

அதுதான் அவளுடைய ஆராய்ச்சியின் அடிப்படை. பாக்டீரியாவுக்குள் போகும் உணவு, ஆற்றுத் தண்ணீர். என்சைம்கள், மடைகள். ஒவ்வொரு சந்திப்பிலும் வரவும் செலவும் சமமாக இருக்க வேண்டும் என்பது விதி. இந்த விதிகளுக்குள், பாக்டீரியா அதிகமாக வளர வேண்டுமென்றால் எந்த வழியில் எவ்வளவு போக வேண்டும் என்று கணினி சொல்லும். குறைந்த செலவில் மாட்டுத் தீவனம் கலக்கத் தீவன ஆலைகள் போடுவதும் இதே வகைக் கணக்குதான். எந்தத் தானியம் எவ்வளவு, எந்தப் பிண்ணாக்கு எவ்வளவு என்று முடிவு செய்ய அவர்களும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இதனால் என்ன லாபம்? ஒரு பாக்டீரியாவில் ஒரே ஒரு மரபணுவை நிறுத்திப் பார்க்க, ஆய்வகத்தில் வாரக்கணக்கில் ஆகும். கணினியில் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அதில் தேறும் நாலைந்தை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பணமும் காலமும் மிச்சம்.

அவள் பக்கத்து மேசைக்காரர், பிளாஸ்டிக்கைத் தின்னும் என்சைமில் வேலை செய்கிறார். ஜப்பானின் சகாய் நகரத்தில், பிளாஸ்டிக் பாட்டில்கள் சேரும் இடத்திலிருந்து எடுத்த மாதிரியில் அப்படியொரு பாக்டீரியா இருப்பதை 2016-ல் உலகத்துக்குச் சொன்னார்கள். இன்னொருவர் வைக்கோலிலிருந்து எரிபொருள் தரும் ஈஸ்ட் பற்றிக் கணக்குப் போடுகிறார். புரதங்களின் வடிவத்தைக் கணினியில் கண்டுபிடித்ததற்கும், புதிதாக வடிவமைத்ததற்கும்தான் 2024-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகிய மூவருக்குக் கிடைத்தது.

கிருமிக்கும் கூலி உண்டு

காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். ஆனால், பயிரால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் உரத் தொழிற்சாலையில் 400 டிகிரிக்கு மேல் சூடும், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் அதிகமான அழுத்தமும் கொடுக்கிறார்கள். அப்படிக் கிடைக்கும் அம்மோனியாதான் யூரியாவாகிறது. 45 கிலோ மூட்டை ஒன்றில் இருக்கும் நைட்ரஜன், 46 சதவிகிதக் கணக்கில், 20 கிலோ 700 கிராம்.

இதே வேலையைச் சில பாக்டீரியாக்கள், வயலில் இருக்கும் சூட்டிலேயே செய்துவிடுகின்றன. ஆனால், இலவசமாக இல்லை. ஏ.டி.பி என்பது உயிர்களின் உடம்பில் புழங்கும் சில்லறைக் காசு மாதிரி. ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிடிக்க, பாக்டீரியாவுக்குக் குறைந்தது 16 காசு செலவாகிறது. அதனால் அது ரொம்பச் சிக்கனமாக நடந்துகொள்ளும். பக்கத்தில் அம்மோனியா கிடைத்தால், நைட்ரஜன் பிடிக்கும் வேலையை உடனே நிறுத்திவிடும். கூலி இல்லாமல் கிடைக்கும்போது எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?

யூரியாவையும் அசோஸ்பைரில்லத்தையும் ஒன்றாகக் கலந்து போடக் கூடாது என்று வேளாண் அலுவலர்கள் சொல்வதற்குப் பின்னால் இதுவும் ஒரு காரணம். ரசாயன உரத்தோடு நேரடியாகப் பட்டால் பாக்டீரியா செத்துப்போகவும் செய்யும். பிழைத்தாலும் வேலைநிறுத்தம் செய்யும்.

இன்னொரு சங்கடம், ஆக்சிஜன். அசோஸ்பைரில்லம் தன் உணவை எரித்து சக்தி எடுக்க ஆக்சிஜன் வேண்டும். ஆனால், நைட்ரஜனைப் பிடிக்கும் என்சைம், ஆக்சிஜன் அதிகமானால் கெட்டுப்போகும். ஆக, அடுப்பு எரியவும் வேண்டும், அனல் படவும் கூடாது. இருந்தும் இல்லாத மாதிரி கொஞ்சமாக ஆக்சிஜன் இருக்கும் இடத்தில்தான் அதற்கு வேலை ஓடும்.

மூன்றாவது, பிடித்த நைட்ரஜனில் பெரும்பகுதியை அது தனக்கே வைத்துக்கொள்ளும். பயறு, உளுந்தின் வேர் முண்டில் இருக்கும் ரைசோபியம் மாதிரி பயிருக்கு நேரடியாகக் கொடுப்பதில்லை. அசோஸ்பைரில்லம் போட்ட வயலில் தெரியும் பலனில் கணிசமான பங்கு, அது சுரக்கும் வளர்ச்சி ஊக்கியால் வேர் அதிகமாகப் பிடிப்பதால் வருவது. பிரேசிலில் வேலை செய்த ஜோஹானா டோபரெய்னர் என்ற பெண் விஞ்ஞானி, 1970-களில் இந்தப் பாக்டீரியாவை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அப்போது தொடங்கிய 'எவ்வளவு நைட்ரஜனால், எவ்வளவு வேரால்?' என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

அவளுடைய ஆராய்ச்சிக் கேள்வி இதுதான். எந்தச் சூழ்நிலையில் இந்தப் பாக்டீரியா நைட்ரஜனைத் தொடர்ந்து பிடிக்கும்? கூட எந்த நுண்ணுயிர் இருந்தால், பிடித்ததில் கொஞ்சம் வெளியே கசியும்?

தொட்டியில் நின்ற தண்ணீர்

இரண்டாவது வருட முடிவில் கணினி ஒரு விடை சொன்னது. வேரடி மண்ணில் வாழும் இன்னொரு பாக்டீரியாவோடு சேர்ந்தால், அசோஸ்பைரில்லம் கூடுதலாக நைட்ரஜன் பிடிக்கும் என்று கணக்கில் வந்தது. கூட இருப்பது ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், அதனால் என்சைம் பாதுகாப்பாக இருக்கும் என்பது விளக்கம்.

ஆய்வகத்தில் இருந்த சக மாணவர் ஒருவர், அதைத் தொட்டியில் நெல் நட்டுச் சோதித்தார். வயலின் மண்ணாகவே இருக்கட்டும் என்று, ஊரிலிருந்து இரண்டு சாக்கு மண் கொண்டுவந்திருந்தாள். 45 நாள் கழித்துப் பார்த்தால், இரண்டு பாக்டீரியா போட்ட தொட்டிக்கும் போடாத தொட்டிக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கணினிக்கு நேர்மாறாகத் தொட்டி சொன்னது.

போனில் மகளின் குரல் சரியில்லை என்று கண்டுபிடித்த அப்பா, விவரம் கேட்டார். அவள் சொன்னாள். அவர் கேட்டது ஒரே கேள்வி.

''தொட்டியில தண்ணி எப்படி வெச்சீங்க?''

''எப்பவும் ரெண்டு இஞ்ச் நிக்கிற மாதிரி.''

''வடியவே இல்லையா? நாம காய்ச்சலும் பாய்ச்சலுமால்ல பண்றோம். தண்ணி நின்னுக்கிட்டே இருந்தா மண்ணு ஒரு மாதிரி நாறுமே, பார்த்திருக்கியா? அந்த மண்ணுல உன் கிருமி இருக்குமா?''

கணினி போட்ட கணக்கில், வேரைச் சுற்றிக் கொஞ்சம் ஆக்சிஜன் எப்போதும் இருப்பதாக வைத்திருந்தாள். நிரந்தரமாகத் தண்ணீர் நின்ற தொட்டியில், நெல்வேர் தன் உள்குழல் வழியாகக் கசியவிடும் துளி ஆக்சிஜனைத் தவிர வேறு இல்லை. அதையும் கூட்டாளி பாக்டீரியா இழுத்துக்கொண்டால், அசோஸ்பைரில்லத்துக்கு அடுப்பெரிக்கவே வழியில்லை. கணக்கும் தொட்டியும் இரண்டு வெவ்வேறு வயல்களைப் பற்றிப் பேசியிருக்கின்றன.

பிறகு, தண்ணீர் நிற்கும் நாள், வடியும் நாள் என்று மாறி மாறி வரும்படி கணக்கை மாற்றி எழுத நாலு மாதம் ஆனது. தொட்டியிலும் அதேபோல் தண்ணீரை மறித்தும் காயவிட்டும் பார்த்தார்கள். இந்த முறை வித்தியாசம் தெரிந்தது. ஆனால், எல்லாத் தொட்டியிலும் இல்லை. சில தொட்டியில் வேர் அடர்த்தியாக இருந்தது, சிலவற்றில் பழைய கதைதான். 'நம்பிக்கை தருகிறது, நிச்சயமாகச் சொல்ல முடியாது' என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னார்.

ஊரிலிருந்து மண் போனது பற்றியும் ஒரு பேச்சு எழுந்தது. 'நம்ம மண்ணுல இருக்குற கிருமியை எடுத்து, நாளைக்கு எவனாவது கம்பெனிக்காரன் நம்மகிட்டயே விக்க மாட்டானா?' என்று பக்கத்து வயல்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தியாவில் இதற்காகவே 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இருக்கிறது. நுண்ணுயிரும் அதற்குள் அடக்கம். தேசிய பல்லுயிர்ப் பெருக்க ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. மெக்சிகோவின் வாஹாகா மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றில், தண்டிலிருந்து தொங்கும் வேரில் பிசின் சுரக்கும் நாட்டுச் சோளம் உண்டு. அந்தப் பிசினில் வாழும் பாக்டீரியாக்கள் வழியாக, தனக்கு வேண்டிய நைட்ரஜனில் 29 முதல் 82 சதவிகிதம் வரை காற்றிலிருந்தே அது பெறுவதாக 2018-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்த ஆராய்ச்சியில், கிராமத்தாரோடு பலன் பகிர்வு ஒப்பந்தம் போட்ட பிறகே வேலை நடந்தது. மண்ணைக் கொடுப்பவர்கள், 'எதற்கு, யாருக்கு, எழுத்தில் இருக்கிறதா?' என்று கேட்பது தப்பே இல்லை.

கடைக்கார மாமா

ஆடி மாதத்தில்தான் உண்மையான சிக்கல் வந்தது. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், பக்கத்து ஊரில் உரக்கடை வைத்திருக்கிறார். அப்பா இரண்டு போகமாக அவரிடம்தான் கடனுக்கு உரம் வாங்கியிருந்தார். தொட்டியில் நெல் நன்றாக வந்த விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது.

அவரிடம் ஒரு நுண்ணுயிர்க் கரைசல் விற்பனைக்கு வந்திருந்தது. யூரியாவைப் பாதியாகக் குறைக்கலாம் என்று பாட்டிலில் அச்சடித்திருந்தார்கள். அதற்கு ஒரு துண்டறிக்கை போட வேண்டும். ''நம்ம பொண்ணு சென்னையில இதே ஆராய்ச்சிதானே பண்ணுது? அது பேரையும் போட்டோவையும் போட்டு, 'ஆராய்ச்சியில நிரூபிக்கப்பட்டது'ன்னு ஒரு வரி. வேற ஒண்ணும் வேண்டாம் மாப்ள. நம்ம பழைய பாக்கியை நான் கேக்கவே மாட்டேன்'' என்றார்.

அப்பா உடனே மறுக்கவில்லை. குறுவை சரியாக அமையவில்லை. சம்பாவுக்கு விதைநெல், உழவுக்கூலி எல்லாம் கண்முன்னால் நின்றன. மகளிடம் போனில் சொன்னார். ''பொய் சொல்லச் சொல்லலையே பாப்பா. நீ பண்றது அந்த ஆராய்ச்சிதானே?''

''அந்தப் பாட்டில்ல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாதுப்பா. நான் பார்த்த கிருமியே ரெண்டு தொட்டியில வேலை செஞ்சா, ரெண்டு தொட்டியில செய்யல. அதை நம்பி ஒருத்தர் யூரியாவைப் பாதியாக் குறைச்சு, விளைச்சல் போயிடுச்சுன்னா, அந்தப் பணத்தை யாருப்பா கொடுப்பா?''

அவள் இன்னொன்றையும் சொன்னாள். அமெரிக்காவில், ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தவர்கள் 2011-ல் தொடங்கிய ஒரு நிறுவனம், மக்காச்சோளத்துக்கான நைட்ரஜன் பாக்டீரியாவை 2019 முதல் விற்கிறது. அம்மோனியா இருந்தாலும் வேலையை நிறுத்தாதபடி அதன் மரபணுவைத் திருத்தியிருக்கிறார்கள். மூளையும் பணமும் நிறையப் போட்ட வேலை. அதுபோன்ற பல நிறுவனங்களின் பொருள்களை அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 10 மாநிலங்களில் சோதித்தன. வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 2023-ல் அந்த முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டது. 61 சோதனைகளில் விளைச்சல் கூடியது 2-ல் மட்டும்தான். ''அவங்களுக்கே அப்படி. ஒரு பாட்டிலுக்கு நான் எப்படிப்பா கையெழுத்துப் போடுறது?''

இரண்டு மூன்று நாள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாலாவது நாள் அம்மாவின் வளையல் இரண்டும் கூட்டுறவு வங்கிக்குப் போயின. நகைக்கடன் பணத்தில் கடைப் பாக்கியை அடைத்துவிட்டு வந்தார் அப்பா. மாமா முகம் கொடுத்துப் பேசவில்லை. துண்டறிக்கை வேறொருவர் படத்தோடு வந்தது.

மூன்றாவது பாத்தி

மகளுக்கு அந்த வளையல் மனதை உறுத்தியது. உதவித்தொகையில் மாதாமாதம் திருப்பிக் கட்டுவதாகச் சொன்னாள். அப்பா வேறொன்று கேட்டார். ''அதை அப்புறம் பார்ப்போம். கிருமி வேலை செய்யுமா செய்யாதான்னு நம்ம வயல்லயே பார்த்துடலாமா?''

ஆய்வகத்துக் கூட்டுப் பாக்டீரியாவை வயலில் விட முடியாது. அதற்கு உரிய அனுமதிகள் வேண்டும். அதனால், அரசு உயிர் உர உற்பத்தி மையத்தில் தயாரான அசோஸ்பைரில்லத்தை, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டுச் சோதிப்பது என்று முடிவானது. ஒரு மா நிலம், நூறு குழி. அதில் ஒன்பது பாத்தி.

மூன்று பாத்திக்கு வழக்கமான யூரியா. மூன்று பாத்திக்கு யூரியாவைக் கால்பங்கு குறைத்து, அசோஸ்பைரில்லம். கடைசி மூன்றுக்கு யூரியா கால்பங்கு குறைவு, அசோஸ்பைரில்லமும் கிடையாது.

இந்தக் கடைசி மூன்றில்தான் அப்பாவுக்கு வருத்தம். ''தெரிஞ்சே எதுக்குப் பயிரைப் பட்டினி போடணும்?''

இந்த இடம்தான் எல்லா விவசாயிகளும் கவனிக்க வேண்டியது. 'யூரியாவைக் குறைத்து எங்கள் கரைசலை ஊற்றினோம், விளைச்சல் குறையவில்லை' என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கரைசலின் வேலையா, அல்லது அந்த வயலுக்கு முதலிலிருந்தே அவ்வளவு யூரியா தேவையில்லையா? தழையுரம் மடக்கி உழுத வயலில், தொழு உரம் வருடாவருடம் போட்ட வயலில், யூரியாவைக் கொஞ்சம் குறைத்தால் ஒன்றுமே ஆகாமல் போகலாம். கரைசல் இல்லாமல் யூரியாவை மட்டும் குறைத்த பாத்தி பக்கத்திலேயே இருந்தால்தான் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். அது இல்லாத சோதனை, தராசில் ஒரு தட்டை மட்டும் வைத்து நிறுப்பது போலத்தான்.

அப்பா ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு, மகள் போட்ட வரைபடத்தையும் மாற்றினார். அவள் பாத்திகளை வரிசையாக வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் போகும்படி வரைந்திருந்தாள். ''மேல் பாத்தியில போட்ட யூரியா தண்ணியோட கீழ் பாத்திக்கு வந்துடும். அப்புறம் என்ன கணக்கு?'' என்று சொல்லி, நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டி, ஒவ்வொரு பாத்திக்கும் தனி மடை வைத்தார். வடிகாலும் தனி. வரப்பை அகலமாகப் போட்டு மிதித்து இறுக்கினார். எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். நல்ல மண் இருக்கும் பாத்தியைத் தனக்குப் பிடித்த மருந்துக்கு ஒதுக்கிவிடக் கூடாது அல்லவா?

அசோஸ்பைரில்லம் பாத்திகளுக்கு, நாற்றின் வேரைக் கரைசலில் கால் மணி நேரத்துக்கு மேல் நனைத்து நட்டார்கள். மட்கிய தொழு உரத்தில் கலந்தும் தூவினார்கள். பாக்கெட் வாங்கும்போதே தயாரித்த தேதி, காலாவதித் தேதி இரண்டையும் பார்த்தாயிற்று. மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, பொடி வடிவ உயிர் உரத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். திரவ வடிவமென்றால் மில்லிக்கு 10 கோடி. வெயில் படும் இடத்தில் வைத்திருந்த பாக்கெட்டில் இந்த எண்ணிக்கையை எதிர்பார்க்க முடியாது.

தூர் கட்டும் பருவத்தில், வாராவாரம் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, அப்பா ஒரு நோட்டில் எழுதி வந்தார். கிருமியும் இல்லாமல் யூரியாவும் குறைந்த மூன்று பாத்திகளில் இரண்டு வெளுத்தன. மூன்றாவது, மற்றப் பாத்திகளைப் போலவே பச்சையாக நின்றது. மகள் குழம்பிப் போனாள். அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார். ''அந்த இடத்துல உங்க தாத்தா காலத்துல எருக்குழி இருந்துச்சு.'' ஒரே ஒரு பாத்தியை மட்டும் போட்டு, அது இந்தப் பாத்தியாக இருந்திருந்தால், அசோஸ்பைரில்லம் வீண் என்று முடிவு கட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை போட வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இப்போது கதிர் வந்து பால் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்பது பாத்தியையும் தனித்தனியாக அறுத்து, தனித்தனியாக அடித்து, ஈரப்பதம் பார்த்து நிறுக்க வேண்டும். அதற்கான ஒன்பது சாக்குகளுக்கும் அப்பா பெயின்டில் எண் போட்டு வைத்துவிட்டார். அசோஸ்பைரில்லம் பாத்தி ஜெயித்தாலும் தோற்றாலும், எடையை அப்படியே எழுதி, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் பலகையில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த எடைகள் மகளின் கணினிக்கும் போகும். கணக்கு எங்கே சரி, எங்கே தப்பு என்று பார்த்து அவள் மறுபடி எழுத வேண்டும்.

'பொண்ணு என்ன படிக்குது?' என்று போன வாரம் கல்யாண வீட்டில் ஒருவர் கேட்டாராம். ''கிருமிக்கு மடைக் கணக்கு எழுதுது'' என்றாராம் அப்பா. கேட்டவருக்குப் புரிந்ததோ இல்லையோ, நீர்ப்பாசனச் சங்கத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்பது பாத்தி விவரத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்.